தோள் சரியென்றால் மிச்சம் சரி

கச்சான் காற்று அடங்கிவிட்டது. ஆடியிலும் ஆவணியிலும் கொழுந்துக்கு மணம் ஏற்றுகிற அந்த வறண்ட காற்று போய், ஊவாவுக்கு வடகீழ்ப் பருவமழை வந்துவிட்டது. இனித் தை பிறக்கும் வரைக்கும் தெமோதரையில் காலையில் கதவைத் திறந்தால் மூடுபனி, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குச் சரியாக மழை.

இந்தக் காலம் வந்தால் எனக்கு இன்பொக்ஸில் வருடா வருடம் ஒரே கேள்விதான். "டீச்சர், நீங்க போடுற அந்த நீளக் கோட் எங்க எடுத்தீங்க? எனக்கு எப்படிப் பார்த்து எடுக்கிறது?" இந்தக் கிழமை மட்டும் மூன்று பேர். ஒருவர் இங்கிலாந்துக்குப் படிக்கப் போகிற தம்பி. ஒருவர் நானுஓயாப் பக்கம் மாற்றலாகிப் போகிற டீச்சர். மற்றவர் மகளுக்கு வாங்க நினைக்கிற ஒரு தாய். தனித்தனியாக எழுதுவதைவிட எல்லோருக்குமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம். தேத்தண்ணி ஒன்று ஊற்றிக்கொண்டு வந்து வாசியுங்கள்.

முதலில் அந்தக் கோட் என்னவென்று சொல்கிறேன். ட்ரென்ச் கோட். முழங்காலுக்குக் கிட்ட வரும் நீளம், முன்னால் இரண்டு வரிசைப் பொத்தான், இடுப்பில் துணி பெல்ட், தோளில் பட்டி, அகன்ற கொலர். பழைய இங்கிலீஷ் படங்களில் துப்பறியும் ஆட்கள் போடுவார்களே, அதுதான். ட்ரென்ச் என்றால் யுத்தத்தில் வெட்டுகிற பதுங்குகுழி. 1914 முதல் 1918 வரை நடந்த முதலாம் உலக யுத்தத்தில் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் சேற்றுக் குழிகளுக்குள் கிடந்த பிரித்தானிய அதிகாரிகள் போட்டதால் அந்தப் பெயர் வந்தது.

அதற்கு முன்னால் மழைக்கு என்ன போட்டார்கள்? 1823இல் சார்ள்ஸ் மெக்கின்டொஷ் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் இரண்டு துணிகளுக்கு நடுவில் றப்பரைப் பூசி ஒட்டும் முறைக்கு உரிமம் எடுத்தார். தண்ணீர் உள்ளே வராது. ஆனால் வியர்வை வெளியே போகவும் வழியில்லை. றப்பர் நாற்றம் வேறு. பிளாஸ்டிக் ரெயின்கோட் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறிய எவருக்கும் அந்தப் புழுக்கம் விளங்கும். 1879இல் தோமஸ் பேர்பெரி என்ற துணிக்கடைக்காரர் வேறொரு வழி கண்டார். நெய்த துணிக்கு மேல் பூசாமல், நூலையே தண்ணீர் ஒட்டாதபடி பதப்படுத்தி, பிறகு நெருக்கி நெய்தார். அந்தத் துணிக்குக் கபர்டீன் என்று பெயர். 1888இல் அதற்கு உரிமம் பெற்றார். மழை வழிந்து ஓடும், உடம்பு மூச்சு விடும். இலண்டனில் அக்வஸ்கியூட்டம் என்று இன்னொரு கம்பனி. இலத்தீனில் தண்ணீர்க் கேடயம் என்று அர்த்தம். ட்ரென்ச் கோட்டை முதலில் தைத்தது நாங்கள்தான் என்று இந்த இரண்டு கம்பனியும் இன்றைக்கும் சொல்லிக்கொள்கின்றன.

இதில் நான் கவனித்த விசயம் ஒன்று. அந்தக் கோட்டைப் போட அதிகாரிகளுக்குத்தான் அனுமதி. அவர்கள் சொந்தக் காசில் வாங்கிப் போட்டார்கள். சாதாரணச் சிப்பாய்க்கு அரசாங்கம் கொடுத்தது தடித்த கம்பளிக் கோட். அது மழையைக் குடித்துச் சேற்றையும் இழுத்துக்கொண்டு, உலர்ந்திருந்த நேரத்தைவிடப் பல மடங்கு பாரமாகும். தோளில் இருக்கிற பட்டி அலங்காரம் இல்லை, பதவிச் சின்னம் குத்துகிற இடம். ஒரே குழி, ஒரே மழை. யார் எதைப் போடலாம் என்பதில்தான் வித்தியாசம்.

அந்த யுத்தம் நம் மலைக்குத் தூரமான கதையும் இல்லை. இலங்கைத் தோட்டத் துரைமார் சேர்ந்த சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர் என்ற தொண்டர் படை 1914இல் இங்கிருந்து எகிப்துக்குக் கப்பலேறியது. 1915இல் கலிப்பொலிப் போர்க்களத்துக்கும் போனது. இங்கே தோட்டத்தில் குதிரையில் வந்தவர்களில் பலர் அந்த யுத்தத்தில் அதிகாரிகளானார்கள்.

இனி நம் மலைக்கு வருவோம். பழைய தோட்டத்துப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். பெரிய கங்காணி தலைப்பாகை கட்டி, வேட்டிக்கு மேல் கோட் போட்டுக் கையில் தடியோடு நிற்பார். துரைக்குக் கோட், பெரிய கங்காணிக்குக் கோட். மலையில் நின்ற சனத்துக்குக் கம்பளி. அந்தக் கம்பளியையும் பல தோட்டங்களில் சும்மா கொடுக்கவில்லை. கணக்கில் எழுதிச் சம்பளத்தில் கழித்தார்கள். கம்பளியை மடித்துத் தலையில் கொங்காணி போட்டு, இடுப்பில் படங்கைக் கட்டி, முதுகில் கூடையோடு மழையில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்கு என் வகுப்பில் இருக்கிறார்கள். கம்பளியின் இடத்துக்கு இப்போது பொலித்தீன் வந்திருக்கிறது. மழை அதே மழை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், "நமக்கெதுக்குக் கோட்?" என்ற பேச்சு நம் ஊரில் இன்னமும் இருக்கிறது. 2024 ஒக்டோபரில் என்னிடம் படித்த ஒரு பிள்ளை, ஆசிரியையாக நியமனம் கிடைத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது, என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தாள். பஸ் இறங்குகிற இடத்திலிருந்து அவளுடைய பள்ளிக்கூடத்துக்கு ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர், முழுக்க மேடு. குடை பிடித்தாலும் காற்று மழையைப் பக்கவாட்டில் அடிக்கும். ஈரச் சாரியோடு காலை எட்டு மணிக்கு வகுப்புக்குள் போனால் பகல் ஒன்றரைக்கு அந்தச் சாரி உடம்பிலேயே காய்ந்திருக்கும். இரண்டு மாதத்தில் மூன்று தரம் நெஞ்சுச் சளி. இருமிக்கொண்டே பேசினாள்.

"ஒரு கோட் வாங்கு பிள்ள" என்றேன்.

"வாங்கலாம் டீச்சர். அம்மா விட மாட்டேங்கிறாங்க. லயத்துல எல்லாரும் சிரிப்பாங்களாம். தொரசாணி வாறான்னு சொல்லுவாங்களாம்."

அந்தத் தாயை அறியாதவர் என்று நான் நினைக்கவில்லை. முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். கோட் போட்டவர்கள் மேட்டில் நின்று அதட்ட, பள்ளத்தில் நின்று கேட்ட குடும்பம். அவருக்குக் கோட் ஒரு உடுப்பு இல்லை. அது மற்றப் பக்கத்து ஆட்களின் அடையாளம். அந்தப் பயத்தைப் புத்திமதி சொல்லி எடுக்க ஏலாது. அதனால் நான் ஒன்று செய்தேன். "சனிக்கிழமை பண்டாரவளைக்குப் போவோம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா" என்றேன்.

கடைக்குப் போகுமுன் எங்கள் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என் வாப்பா தையல்காரர். கடைத்தெருவில் ஒரு மெஷின், ஒரு மேசை, ஒரு கரி அயர்ன். அவருடைய இளம் வயதில், தோட்டத்துப் பெரியவர்கள் நைந்த கோட்டைக் கொண்டுவந்து பிரட்டித் தைக்கக் கொடுப்பார்களாம். வெளிப்பக்கம் வெளுத்துப் போனால் முழுதாகப் பிரித்து, உட்பக்கத்தை வெளியே எடுத்துத் திரும்பத் தைப்பது. ஒரு கோட்டை முழுதாகப் பிரித்துச் சேர்த்தவருக்கு அது எங்கே நிற்கும், எங்கே விழும் என்று தெரியும். வாப்பாவின் பாடம் ஒரே வரி: "தோள் சரியென்றால் மிச்சம் சரி. மற்றதெல்லாம் திருத்தலாம், தோளைத் திருத்த ஏலாது." கையைக் கட்டையாக்கலாம், நீளத்தை மடிக்கலாம், இடுப்பை உள்ளே எடுக்கலாம். தோளில் கை வைத்தால் கோட்டையே பிரிக்க வேண்டும், கோட் விலையைவிடத் தையற்கூலி கூடிவிடும்.

அதனால் எப்போதும் தோளிலிருந்து தொடங்குங்கள். ட்ரென்ச் கோட்டில் இரண்டு விதமான தோள் உண்டு. ஒன்று, சாதாரணச் சட்டை மாதிரித் தோள் முனையில் கை பொருத்தியது. தையல் சரியாகத் தோள் எலும்பு முடிகிற இடத்தில் நிற்க வேண்டும். மற்றது ரெக்லன். கைத் துணி கழுத்திலிருந்தே சாய்வாக இறங்கி வரும், தோள் முனையில் தையலே இராது. சாரிக்கு மேலும், ஹபாயாவுக்கு மேலும், ஸ்வெட்டருக்கு மேலும் போடுகிறவர்களுக்கு ரெக்லன்தான் நல்லது. உள்ளே தடிப்பு கூடினாலும் இறுக்காது.

அடுத்தது, டீச்சர்மாருக்காக நான் வைத்திருக்கிற சோதனை. கரும்பலகைச் சோதனை என்று சொல்வேன். கோட்டைப் போட்டுப் பொத்தான் பூட்டி, பலகையின் மேல் வரியில் திகதி எழுதுகிற மாதிரி வலது கையைத் தூக்குங்கள். முதுகு இழுத்தால், அக்குள் கடித்தால், அந்தக் கோட் சிறிது. பிறகு இரண்டு கையையும் முன்னால் நீட்டி யாரையோ கட்டிப்பிடிக்கிற மாதிரிச் சேருங்கள். முதுகின் நடுவில் துணி பிளக்கிற மாதிரி நின்றால் அதுவும் வேண்டாம். கடையில் ஒரு கதிரை கேட்டு வாங்கி உட்காருங்கள். பஸ்ஸில் உட்காரும்போது கீழ்ப்பொத்தான் பிய்ந்து போகிற மாதிரி இழுத்தால் இடுப்பு அளவு போதாது. பின்னால் ஒரு வெட்டு இருக்கும், அது நடக்கவும் படி ஏறவும் விட்டது. கடையில் தற்காலிகமாக நூலால் சிலுவைத் தையல் போட்டு மூடியிருப்பார்கள். அதை வெட்டி எடுத்துவிட்டுப் போடுங்கள். நம் ஊரில் பலர் அந்த நூலோடேயே வருடக்கணக்கில் நடக்கிறார்கள்!

கையின் நீளம்: கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டை மூடிப் பெருவிரல் தொடங்குகிற இடத்தில் நிற்க வேண்டும். அதைவிடக் கட்டையென்றால் குடை பிடித்திருக்கும்போது மழை முழங்கை வரைக்கும் உள்ளே ஓடும். மணிக்கட்டில் ஒரு சின்னப் பட்டி இருக்கும். அதை இறுக்கிக்கொள்ளத்தான் வைத்திருக்கிறார்கள்.

நீளம்: ஐந்தடிக்குக் கிட்ட இருக்கிற நம் பெண்களுக்குக் கணுக்கால் வரைக்கும் வருகிற கோட் வேண்டாம். ஆள் கோட்டுக்குள் மூழ்கிவிடுவாள், பஸ் படியில் மிதிபடும், ஸ்கூட்டியில் போனால் சில்லில் மாட்டும். முழங்காலுக்கு மூன்று நான்கு அங்குலம் கீழே போதும். உயரமானவர்கள் கெண்டைக்கால் பாதி வரைக்கும் போகலாம். மூடலாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற எங்கள் சகோதரிகளுக்கும் சொல்கிறேன்: நீளத்தைக் கூட்டுவதைவிட அகலம் கொஞ்சம் விடுதலையாக, இடுப்புக்குக் கீழே விரிந்து விழுகிற வெட்டாக எடுங்கள். பெல்ட்டைக் கொளுவி இறுக்காமல் தளர்வாக ஒரு முடிச்சுப் போடுங்கள். நம் ஸ்டேஷனுக்கு அடியால் ரயில் ஒரு சுற்றுச் சுற்றி வருகிற மாதிரி, பெல்ட்டும் ஒரு சுற்று வந்து தானாக விழட்டும்.

இரட்டை வரிசைப் பொத்தானா, ஒற்றை வரிசையா? இரட்டை வரிசையில் முன்பக்கம் துணி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதால் காற்றும் மழையும் நெஞ்சில் படாது. பழைய முறை அதுதான். ஆனால் உடம்பு வைத்தவர்களுக்கும் குள்ளமானவர்களுக்கும் அது அகலமாகக் காட்டும். அவர்களுக்கு ஒற்றை வரிசை அழகு. இரட்டை வரிசையைத் திறந்துவிட்டுப் போட்டால் இரண்டு பக்கமும் சிறகு மாதிரி அடிக்கும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

துணி: உட்பக்கச் சீட்டைப் பாருங்கள். பருத்திக் கபர்டீன் என்றால் நல்லது, விலையும் கூட. பருத்தியும் பொலியெஸ்டரும் கலந்தது நம் ஊருக்குப் போதும், சீக்கிரம் காயும். முழுப் பொலியெஸ்டர் என்றால் மேடு ஏறும்போது வியர்க்கும். தண்ணீர் ஒட்டுமா என்று பார்க்க விரலை நனைத்து ஒரு சொட்டு விடுங்கள். சொட்டு முத்து மாதிரி உருண்டு நின்றால் மருந்து இன்னும் இருக்கிறது. உடனே பரவிக் கறுத்தால் மருந்து போய்விட்டது. கடைக்காரரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், ஏச்சு வாங்க வேண்டாம்.

நிறம்: மண் நிறம் பழைய நிறம், எதோடும் போகும். ஆனால் நம் பாதைச் சேற்றின் நிறம் சிவப்பு. கீழ்விளிம்பில் தெறித்தால் வெளிர்க் கோட்டில் தெரியும். கடும் நீலமும் கறுப்பும் சேற்றை மறைக்கும். ஆனால் அந்தியில் மூடுபனிக்குள் பாதையோரம் நடக்கிறவரைக் கறுப்பு மறைத்துவிடும். வளைவில் வருகிற பஸ் டிரைவருக்கு நீங்கள் தெரிய வேண்டும். நான் மண் நிறம்தான் போடுகிறேன், சேற்றைக் கழுவிக்கொள்கிறேன்.

பண்டாரவளையில் அன்றைக்கு நாங்கள் ஏறி இறங்கிய கடைகளில் பலவிதமான கோட் இருந்தது. ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியவை, சின்னக் குறையால் ஒதுக்கியவை, வெளிநாட்டிலிருந்து மூட்டையாக வருகிற பழையவை. நுவரெலியாவில் பேல் பஸார் என்று இதற்கே ஒரு சந்தை இருக்கிறது. குளிரே இல்லாத தீவில் இத்தனை குளிர்க் கோட் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் பதில் நம் வீடுகளில்தான் இருக்கிறது. 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியதிலிருந்து எத்தனை பெண்பிள்ளைகள் மலையிலிருந்து இறங்கிப் போய் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர் போடுகிற உடுப்பில் எத்தனை கொலரை நம் லயத்துப் பிள்ளை பொருத்தியிருப்பாள். அன்று கடையில் அந்தத் தாயிடம் இதைத்தான் சொன்னேன். அவருடைய தங்கச்சி மகளும் அங்கேதான் வேலை செய்கிறாள். "தொரமார் கோட்டுன்னு சொல்றீங்க அக்கா, தைக்கிறது நம்ம புள்ளைங்கதானே."

அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் கோட்டைக் கையில் எடுத்துப் பார்க்கத் தொடங்கினார்.

பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. நான் தோளையும் கையையும் பார்த்து நல்லதென்று எடுத்து வைத்த ஒரு கோட்டை அவர் பிரட்டிப் போட்டு, தோள் மூட்டின் தையலில் விரலை ஓட்டி, "இது வேணாம் டீச்சரம்மா" என்றார். "தையல் மேல பாத்து நிக்குது. தண்ணி இதுலதான் பூந்து வரும். நாங்க மழைல நிக்கிறவங்க. தண்ணி எங்க நிக்கும், எங்க எறங்கும்னு எங்களுக்குத் தெரியும்."

இன்னொன்றை எடுத்தார். அதற்கு முதுகின் மேற்பகுதியில் தனியாக ஒரு துணி மடல், கீழே தைக்காமல் தொங்கியது. பலர் அதை வெறும் மோடி என்று நினைப்பார்கள். தோளில் விழுகிற மழை அந்த மடலின் ஓரத்தால் வழிந்து, முதுகில் ஒட்டாமல் தள்ளிச் சொட்டுவதற்காக வைத்தது. நெஞ்சின் ஒரு பக்கத் தோளிலும் அப்படி ஒரு மடல் இருக்கும். முன்பக்கம் துணி சேர்கிற வாயை அது மூடும். அந்தத் தாய் மடலைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது கொங்காணி மாதிரில்ல இருக்கு" என்றார்.

சரியாகச் சொன்னார். கம்பளியைத் தலையிலிருந்து மடித்துத் தோளுக்கு மேல் இரட்டிப்பாக விழவிட்டு, தண்ணீரைக் கூடைக்குப் பின்னால் வழியச் செய்கிற அதே வேலை. இங்கிலாந்தில் ஒரு தையல்காரர் யோசித்ததும் நமுனுகுலைச் சரிவில் ஒரு பெண் யோசித்ததும் ஒன்றுதான். ஒருவருக்கு அதன் பெயரில் கம்பனி வந்தது.

அந்தக் கோட்டைத்தான் எடுத்தோம். நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். அந்த வருடம் தோட்டத்து அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய். அவருடைய மூன்று நாள் சம்பளத்துக்கு மேல். மகள் காசை எடுக்கக் கையை விட, தாய் தடுத்து, இடுப்பில் முடிந்து வைத்திருந்த காசை அவிழ்த்துப் பாதியைக் கொடுத்தார். "மொத சம்பளத்துல எனக்கு சீலை எடுத்துக் குடுத்தா. இது என் பங்கு." கையை மட்டும் ஒன்றரை அங்குலம் குறைக்க வேண்டியிருந்தது. வாப்பா செய்து கொடுத்தார்.

பிள்ளை கோட் போட்டுக்கொண்டு முதல் நாள் இறங்கிப் போனபோது லயத்தில் சிரித்தவர்கள் சிரித்தார்கள்தானாம். "தொரசாணி" என்று ஒருவர் கூப்பிட்டாராம். தாய் வாசலில் நின்று, "ஆமா, எங்க வீட்டுத் தொரசாணிதான்" என்றாராம். அந்த மார்கழியில் அவளுக்குச் சளி பிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு தரம் பிடித்தது. ஆனால் ஈரச் சாரியோடு படிப்பிக்கிற நிலைமை போய்விட்டது. கோட்டைக் கழற்றி வகுப்புக் கதவில் மாட்டிவிட்டு உலர்ந்த உடுப்போடு பலகைக்கு முன்னால் நிற்கிறாள். அவளுடைய வகுப்புப் பிள்ளைகளுக்கு, டீச்சர் என்றால் இருமாமல் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிற டீச்சர்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ட்ரென்ச் கோட் மழையைத் தடுக்கும், வெள்ளத்தைத் தடுக்காது. ஊவாவில் ஒரு மணித்தியாலம் விடாமல் கொட்டினால் எந்தக் கபர்டீனும் ஈரமாகும். குடையும் வேண்டும். ஸ்கூட்டியில், மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் பிளாஸ்டிக் மழை உடுப்பையே போடுங்கள். பெல்ட்டும் மடலும் காற்றில் அடித்துச் சில்லில் மாட்டினால் உயிராபத்து. இங்கிலாந்து போகிற தம்பிக்கும் ஒரு வார்த்தை: இது மழைக்கும் இலையுதிர்காலக் குளிருக்குமான கோட். பனி கொட்டுகிற காலத்துக்கு உள்ளே கம்பளி லைனிங் கழற்றிப் பூட்டுகிற வகையாகப் பார்த்து எடுங்கள், உள்ளே ஒரு ஸ்வெட்டர் போடுகிற அளவுக்கு இடம் விடுங்கள். இங்கே வாங்கிக்கொண்டு போனால் அங்கே கொடுக்கிற விலையில் நிறைய மிச்சம் வரும்.

வாங்கிய பிறகு பராமரிப்பு. ஈரக் கோட்டை அலுமாரிக்குள் வைக்காதீர்கள். நம் ஊரில் மூன்றே நாளில் பூஞ்சணம் பிடிக்கும். தடித்த ஹேங்கரில் காற்றுப் படும் இடத்தில் தொங்கவிடுங்கள், அடுப்புக்குக் கிட்ட வேண்டாம். சேறு காய்ந்த பிறகு பிரஷ்ஷால் தட்டுங்கள், ஈரத்தில் தேய்த்தால் உள்ளே இறங்கிவிடும். சீட்டில் கழுவலாம் என்று போட்டிருந்தால் மட்டும் கழுவுங்கள், துணியை மென்மையாக்குகிற திரவம் போடாதீர்கள். அது தண்ணீர் ஒட்டாத மருந்தைக் கெடுத்துவிடும்.

இனிக் கடைசி விசயம். உண்மையில் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தத் தாய் மகளின் மடியில் இருந்த கோட்டின் முதுகு மடலைத் தடவிக்கொண்டே கேட்டார்: "டீச்சரம்மா, இந்த ஒரு துண்டு மட்டும் தனியாத் தைக்க முடியுங்களா? கை வேணாம். கை இருந்தா கொழுந்து பறிக்க முடியாது. தோளும் முதுகும் மட்டும்."

நான் அதை வாப்பாவிடம் சொன்னேன். கண் மங்கிய மனுசர், இப்போது பெரிய வேலை எடுப்பதில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, வீட்டில் கிடந்த கம்பி முறிந்த இரண்டு குடைகளின் துணியைக் கழற்றினார். குடைத் துணி தண்ணீர் ஒட்டாதது, பாரமில்லாதது, முக்கோணத் துண்டாக ஏற்கெனவே வெட்டியது. அதைத் திருப்பிப் பொருத்தித் தோளை மூடுகிற ஒரு மேற்போர்வை தைத்தார். முன்னால் ஒரு பொத்தான், அவ்வளவுதான். அந்தத் தாய் ஒரு கிழமை மலையில் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்தார். கூடை அழுத்துகிற இடத்தில் தையலால் தண்ணீர் இறங்குகிறதாம். தலைக்கயிறு பின்னால் வழுக்குகிறதாம். வாப்பா தையலைத் தோளிலிருந்து இரண்டு அங்குலம் கீழே இறக்கி, துணியை ஓடு வேய்கிற மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏற்றித் தைத்தார். தையல் வழியே மெழுகுதிரியைத் தேய்த்து, மெதுவான சூட்டில் அயர்ன் பிடித்தார். கழுத்துப் பக்கத்தில் கயிறு நிற்க ஒரு முரட்டுத் துணிப் பட்டி. இரண்டாவது சரியாக வந்தது.

அந்த மழைக்காலத்தில் ஏழு தைத்தார். போன வருடம் இருபத்து மூன்று. கூலி வாங்குவதில்லை, நூல் காசு மட்டும். போட்டவர்கள் சொல்கிற குறையைக் கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்றை மாற்றுகிறார். மலையில் அதிக நேரம் மழையில் நிற்கிறவர்களுக்குத்தான் நல்ல மழை உடுப்பு முதலில் கிடைத்திருக்க வேண்டும். நூற்றைம்பது வருடத்துக்கு மேல் பிந்திவிட்டது. குடைத் துணி அதற்குத் தீர்வு என்று நான் சொல்ல வரவில்லை. மழை உடுப்பைத் தோட்ட நிர்வாகங்கள் முறையாகக் கொடுக்க வேண்டும், அதைத் தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டும். அதுவரைக்கும் மழை காத்திருக்காதே.

ஆகவே என் வேண்டுகோள். தெமோதரை, ஹாலிஎல, எல்ல, பதுளைப் பக்கத்தில் இருக்கிறவர்கள் உடைந்த குடையைக் குப்பையில் போடாதீர்கள். கம்பியைக் கழற்றிவிட்டுத் துணியைக் கழுவிக் காயவைத்துத் தாருங்கள். எந்த நிறமானாலும் பரவாயில்லை, பளிச்சென்ற நிறம் என்றால் இன்னும் நல்லது. வீட்டில் மெஷின் இருந்து, மாலையில் ஒரு மணித்தியாலம் ஒதுக்கக் கூடியவர்கள் சொல்லுங்கள். வெட்டுகிற அளவை வாப்பா காகிதத்தில் கீறி வைத்திருக்கிறார், ஒருமுறை பார்த்தால் போதும். அலுமாரியில் தொங்குகிற, உங்களுக்கு இனி அளவில்லாத கோட் இருந்தால் அதையும் தாருங்கள். மேட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு நடந்து போகிற புது ஆசிரியைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தோளை மட்டும் அளந்து எழுதி அனுப்புங்கள், மற்றதை நாங்கள் திருத்திக்கொள்கிறோம்.

கோட் அளவு பற்றிக் கேள்வி இருந்தால் கீழே கொமண்டில் கேளுங்கள். கேட்கும்போது உயரமும், உள்ளே சாரியா ஹபாயாவா ஸ்வெட்டரா என்பதும், எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள் என்பதும் சேர்த்து எழுதுங்கள். அது தெரியாமல் சைஸ் சொல்ல ஏலாது.